டொல்படில் கிராமத்து மெதடிஸ்த சபை

கிராமத் திருச்சபை ஒன்றின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் பெரும்பாலும் ஒரே வழியில் நடப்பர். அடிக்கல் நாட்டிய நாள், ஆலயத்தைத் திறந்துவைத்தவர், அடுத்தடுத்து வந்த குருமாரின் பெயர், மணி வாங்கிய ஆண்டு, கூரை மாற்றிய செலவு என்று அடுக்கிச் சென்று நூற்றாண்டு விழாவோடு முடித்துவிடுவர். நம்மவர் எழுதிய கோயில் வரலாறுகளுட் பலவும் இவ்வகையினவே. அவை பயனற்றவை என்று யாம் கூறோம். ஆயினும், அச்சபையில் அமர்ந்திருந்த சனங்கள் யாவர், அவர்கள் உண்டது யாது, யாருடைய நிலத்தில் உழைத்தனர், அங்கே கூடியதனால் எதனைக் கற்றுக்கொண்டனர் என்னும் வினாக்களுக்கு அவற்றில் விடை காண்டல் அரிது. ஏழைகளின் சபை தன்னைப்பற்றி எழுதிவைப்பது குறைவு.

இங்கிலாந்தின் தென்மேற்கே, டோர்செற் மாவட்டத்தில் உள்ள டொல்படில் என்னும் சிற்றூரின் மெதடிஸ்த சபை இதற்கு ஒரு விலக்கு. அச்சபையோரின் சரித்திரத்தைக் குருமார் எழுதிவைத்திலர். அரசாங்கம் அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியமையாலும், அவருள் ஒருவர் பின்னர்ப் பேனா எடுத்தமையாலுமே நாம் அவர்களை இன்று அறிகின்றோம்.

பிடில் என்பது அவ்வூர் வழியே ஓடும் சிற்றாறு. அதன் கரையிலுள்ள ஊர்கள் பலவற்றின் பெயர் 'படில்' என முடியும். பதினோராம் நூற்றாண்டில் கனூற் அரசனின் மெய்காவலருள் ஒருவனாயிருந்த ஓர்க் என்பவனின் மனைவி தோலா. அவள் கைம்பெண்ணாகியபின் தன் நிலங்களை அபற்ஸ்பரித் துறவிமடத்துக்குக் கொடுத்தாள். அவள் பெயரே ஊருக்கு நிலைத்தது என்பர். அவ்வாறு நோக்கின், மடத்துக்கு நிலம் ஈந்த ஒரு மாதின் பெயரைத் தாங்கும் ஊர் இது. இவ்வூர்ப் பெயரைக் காணியில்லாத கூலியாட்களே பிற்காலத்தில் உலகறியச் செய்தனர்.

டோர்செற் மாவட்டத்துக்கும் வெஸ்லி குடும்பத்துக்கும் பழைய தொடர்பு உண்டு. மெதடிஸ்த இயக்கத்தைத் தோற்றுவித்த ஜோன் வெஸ்லியின் பாட்டனாரும் ஜோன் என்னும் பெயரினரே. அவர் டொல்படிலுக்குச் சில மைல் தொலைவிலுள்ள விண்டர்போர்ண் விற்சேச் என்னும் ஊரிற் குருவாயிருந்தார். அரசாங்கத் திருச்சபையின் செபநூலை ஏற்க மறுத்தமையாற் சிறைவாசம் அனுபவித்து, 1662ஆம் ஆண்டிற் பதவியும் இழந்தார். பேரனோ தாம் இறக்கும்வரை அரசாங்கத் திருச்சபையை விட்டு விலகவில்லை. அரசனுக்கு அடங்கி நடக்குமாறு தம் சீடருக்கு இடைவிடாது போதித்தார். பாட்டனாரின் பிடிவாதமும் பேரனின் அடக்கமும் மெதடிஸ்தரிடையே அருகருகே வாழ்ந்து வந்தன. டொல்படிலில் இரண்டும் முட்டிக்கொண்டன.

அவ்வூர் மெதடிஸ்தர் 1818ஆம் ஆண்டில் ஒரு சிற்றாலயத்தைக் கட்டினர். களிமண்ணும் வைக்கோலும் கலந்து எழுப்பிய சுவர் அதன் பெரும்பகுதி. நம் நாட்டிற் பழைய திண்ணைப் பள்ளிக்கூடங்களின் மண்சுவரைக் கண்டவர்க்கு அதனைக் கற்பனை செய்தல் கடினமன்று. ஊர் நடுவே புனித யோவான் பெயரால் அமைந்த கற்கோயில் ஓங்கி நின்றது. அங்கே நிலக்கிழாருக்கும் பண்ணைக்காரருக்கும் முன்னிருக்கை உண்டு. குரு மேலிடத்தால் நியமிக்கப்படுபவர். விளைச்சலில் பத்திலொன்று அவர் பங்கு. கூலியாள் பின்னே இருந்து கேட்டுவிட்டுப் போகவேண்டியவன். மண்சுவர் ஆலயத்திலோ அந்தக் கூலியாளே எழுந்து நின்று பேசலாம்.

இஃது எவ்வாறு கூடிற்று என்பதை ஆராய்தல் வேண்டும். மெதடிஸ்த அமைப்பின் மிகச் சிறிய அங்கம் 'வகுப்பு' எனப்படும். ஏறக்குறையப் பன்னிருவர் சேர்ந்தது ஒரு வகுப்பு. அதற்கு ஒரு தலைவர். அவர் வாரந்தோறும் தம் வகுப்பினரைக் கண்டு அவர்தம் ஒழுக்கத்தை விசாரித்துக் காசும் சேர்ப்பார். 1742ஆம் ஆண்டிற் பிறிஸ்ரல் நகரில் ஆலயக் கடனைத் தீர்ப்பதற்காக ஆளுக்கு வாரம் ஒரு பென்சு வாங்கும் வழக்கம் தொடங்கியது. கடன் தீர்ந்தபின்னும் அவ்வழக்கம் நின்றது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நல்லொழுக்கம் உடையோருக்கு மாத்திரம் உறுப்பினர்ச் சீட்டுக் கொடுப்பர். பல ஊர்ச் சபைகள் சேர்ந்தது ஒரு சேகரம். சேகரத்துக்கு முழுநேரக் குருமார் ஓரிருவரே இருப்பர். ஆதலால் எந்த ஞாயிறு எந்த ஆலயத்தில் யார் பிரசங்கிப்பது என்று அட்டவணை வகுத்து, ஊர்ப் பிரசங்கிகளைக் கால்நடையாக அனுப்புவர். அவர் செருப்புத் தைப்பவராயிருக்கலாம், ஏர் உழுபவராயுமிருக்கலாம். வேதத்தை வாசிக்கவும் சபைமுன் பேசவும் அறிந்திருந்தாற் போதும்.

எழுதப் படிக்கத் தெரிதல், கணக்கு வைத்தல், கூட்டம் நடத்தல், மறுப்புக் கூறுவோனைச் சினவாது கேட்டல், ஓர் ஊரிலிருந்து பிறிதோர் ஊருக்குச் செய்தி சொல்லல்: இவை யாவும் ஆத்துமாவை ஈடேற்றும் பொருட்டே கற்பிக்கப்பட்டன. ஆயினும் கற்றவன் அவற்றை எதற்கெல்லாம் பயன்படுத்துவான் என்பதைக் கற்பித்தவர் வரையறுத்தல் இயலாது.

டொல்படிலின் ஊர்ப் பிரசங்கிகளுள் ஜோர்ஜ் லவ்லெஸ் தலைசிறந்தவர். பண்ணையிற் கூலிக்கு உழுபவர். மனைவியும் மூன்று பிள்ளைகளும் உடையவர். தாமே கற்றுச் சமய நூல்கள் சிலவற்றைச் சேர்த்து வைத்திருந்தார். அவர் தம்பி ஜேம்ஸும் பிரசங்கியே. அவர்களுடைய சகோதரியை மணந்தவர் தோமஸ் ஸ்ரான்பீல்ட். இம்மூவரையும் சுற்றியே சபையும், பின்னர்ச் சங்கமும் வளர்ந்தன. உறவுமுறையும் சபையும் ஒன்றோடொன்று பின்னிக் கிடத்தல் கிராம வாழ்வின் இயல்பு. நமக்கு அதனை விளக்க வேண்டுவதில்லை.

இனிக் கூலியைப் பார்ப்போம். 1830ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் தென்பகுதியெங்கும் கூலியாட்கள் கிளர்ந்தெழுந்து, சூடடிக்கும் இயந்திரங்களை உடைத்தும் வைக்கோற் போர்களைக் கொளுத்தியும் தம் வறுமையை வெளியிட்டனர். அரசாங்கம் கடுமையாக ஒறுத்தது. அதன்பின் டொல்படிற் கூலியாட்கள் பண்ணைக்காரரோடு பேசி, அயலூர்களிற் கொடுக்கும் வாரக் கூலியாகிய பத்துச் சிலிங்கையே தமக்கும் தருவதாக வாக்குப் பெற்றனர். ஊர்க் குருவாகிய வாறன் அதற்குச் சாட்சியாக நின்றார் என்றும், பின்னர் அவரே அதனை மறுத்தார் என்றும் லவ்லெஸ் எழுதியுள்ளார். வாக்கு நிலைக்கவில்லை. கூலி ஒன்பதாயிற்று, எட்டாயிற்று, ஏழாயிற்று. இனி ஆறே கிடைக்கும் என்ற பேச்சும் எழுந்தது. நீதவானிடம் முறையிட்டபோது, எசமான் கொடுப்பதைப் பெற்றுக்கொண்டு வேலை செய்வதே கடன் என்ற விடையே கிடைத்தது.

வைக்கோற் போரைக் கொளுத்துவதன்றி வேறு வழி அறியாதவர்கள் 1830இல் அதனைச் செய்தனர். டொல்படிலாருக்கு வேறு வழி தெரிந்திருந்தது. 1833ஆம் ஆண்டின் பிற்பகுதியில், இலண்டனிலிருந்து வந்த தொழிற்சங்கப் பிரதிநிதிகளின் ஆலோசனையைக் கேட்டு, விவசாயத் தொழிலாளர் நட்புறவுச் சங்கம் ஒன்றை அமைத்தனர். சேர்வதற்கு ஒரு சிலிங். பின்னர் வாரம் ஒரு பென்சு. இந்தப் பென்சுக் கணக்கை அவர்கள் எங்கே பழகினர் என்பதை வாசகர் முன்னரே அறிவர். வன்செயல் எதுவும் சங்கத்தின் நோக்கத்தைக் கெடுக்குமேயன்றி வளர்க்காது என்று சங்க விதிகளில் எழுதியும் வைத்தனர். தோமஸ் ஸ்ரான்பீல்டின் குடிசை மேலறையில் கூட்டம் நடந்தது. ஊர்ப் பொதுவெளியில் நின்ற பெரிய சிக்கமோர் மரத்தின் கீழும் கூடினர் என்பது ஊர் வழக்கு.

ஒன்று மாத்திரம் ஆலயத்திலிருந்து வந்ததன்று. புதிதாகச் சேர்பவரின் கண்ணைக் கட்டி, முழந்தாளிட வைத்து, எலும்புக்கூட்டின் படத்தைக் காட்டி, இரகசியம் காப்பதாகச் சத்தியம் வாங்கும் சடங்கு அக்காலத் தொழிற்சங்கங்களிலும் நட்புறவுக் கழகங்களிலும் வழங்கியது. டொல்படிலார் அதனையும் கைக்கொண்டனர். பக்தி மிக்க இப்பிரசங்கிகள் இந்த நாடகத்துக்கு ஏன் உடன்பட்டனர் என்று நாம் வியக்கலாம். காட்டிக்கொடுப்போர் மலிந்த காலத்தில் அச்சம் காட்டிச் சேர்ந்தோரைப் பிணிப்பது இன்றியமையாததென்று கருதினர் போலும். அப்பிணிப்பும் காக்கவில்லை. 1833 டிசம்பர் 9ஆந் திகதி சத்தியம் செய்தவருள் ஒருவனே பின்பு சாட்சிக் கூண்டில் ஏறினான்.

மோறற்றன் என்னும் அயலூரின் நிலக்கிழாரும் நீதவானுமாகிய ஜேம்ஸ் பிறாம்ற்றன் உள்நாட்டு மந்திரி மெல்பேண் பிரபுவுக்கு இதுபற்றி எழுதினார். ஆனாற் சங்கம் அமைப்பது குற்றமன்று. அதனைத் தடுத்த சட்டங்கள் 1824ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டுவிட்டன. ஆகவே சத்தியத்தைப் பற்றிக்கொண்டனர். 1797இற் கடற்படையில் நிகழ்ந்த கலகத்தின் பின் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று, சட்டவிரோதமான சத்தியங்களைத் தண்டித்தது. கடலோடிகளுக்கு இயற்றிய சட்டம் உழவர்மேற் பாய்ந்தது. 1834 பெப்ரவரி 22ஆந் திகதியிட்ட எச்சரிக்கை விளம்பரம் ஊரில் ஒட்டப்பட்டது. இரண்டு நாள் கழித்து, 24ஆந் திகதி விடியலில், லவ்லெஸ் சகோதரர் இருவர், தோமஸ் ஸ்ரான்பீல்ட், அவர் மகன் ஜோன், ஜேம்ஸ் ஹமெற், ஜேம்ஸ் பிறைன் ஆகிய அறுவரும் கைது செய்யப்பட்டு, ஏழு மைல் நடந்து டோர்செஸ்ரர் சிறையை அடைந்தனர். அவருட் பெரும்பாலோர் மெதடிஸ்தர்.

வழக்கு மார்ச் 17ஆந் திகதி தொடங்கியது. குற்றஞ்சாட்டும் பெருயூரியின் தலைவர் மெல்பேண் பிரபுவின் மைத்துனர். பிறாம்ற்றனும் அதில் ஓர் உறுப்பினர். தாங்கள் எவருடைய மானத்துக்கும் உடலுக்கும் சொத்துக்கும் ஊறு செய்யவில்லை என்றும், தம் பெண்டு பிள்ளைகள் பட்டினியால் அழியாது காப்பதற்கே கூடினர் என்றும் ஜோர்ஜ் லவ்லெஸ் எழுதிக் கொடுத்தார். மார்ச் 19ஆந் திகதி நீதிபதி வில்லியம்ஸ் அறுவருக்கும் ஏழாண்டு நாடுகடத்தற் றண்டனை விதித்தார். பிறருக்கு ஒரு பாடமாக இருத்தற்கே அத்தண்டனை என்று நீதிபதி கூறியதாக லவ்லெஸ் குறித்துள்ளார். அவர்களுடைய குடும்பங்கள் கேட்ட பங்குநிதி உதவியும் மறுக்கப்பட்டது. இலண்டன் தொழிலாளர் சேர்த்தனுப்பிய பணமே அவர்களைக் காத்தது.

இங்கே நாம் சற்றுத் தரித்து ஒரு வினாவை எழுப்புதல் தகும். இவ்வறுவருக்கு வாசிக்கவும் பேசவும் கற்பித்த வெஸ்லியன் சமூகம் இப்பொழுது என்ன செய்தது? அதன் தலைமை அவர்களுக்காகக் குரல் எழுப்பவில்லை. அரசாங்கத்தைப்பற்றி இலேசாகப் பேசுதலும் கூடாது என்று 1792ஆம் ஆண்டு மாநாட்டிலேயே விதித்த சமூகம் அது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் தம்மைக் கலகக்காரரென்று ஐயுறாதிருத்தற்பொருட்டு அவர்கள் அவ்வாறு செய்தனர். 1830களில் அத்தலைமையை நடத்திய ஜேபெஸ் பண்டிங் அடக்கத்தையே பெரிதும் போற்றியவர். அவர் நிலையையும் நியாயமாக நோக்கல் வேண்டும். ஆயிரக்கணக்கான ஆலயங்களின் பாதுகாப்பு அவர் கண்முன் நின்றது. ஆயினும், மண்சுவர் ஆலயத்துப் பிரசங்கி ஒருவர் விலங்கோடு கப்பலேறும்போது பேசாதிருத்தலைப் பாதுகாப்பு என்று பெயரிட்டு மறைத்தல் எமக்கு உடன்பாடன்று.

மெதடிஸ்தமே இங்கிலாந்தைப் புரட்சியிலிருந்து காத்தது என்பது பிரெஞ்சு வரலாற்றாசிரியர் எலி ஹலேவி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளியிட்ட கொள்கை. மெதடிஸ்தம் தொழிலாளரை ஆலைக்கு அடங்கியவராகப் பழக்கியது என்று 1963இல் ஈ. பி. தொம்சன் கடிந்தெழுதினார். இருவரும் பெரிய நகரங்களையும் தலைமை மாநாடுகளையும் மிகுதியாக நோக்கினர் என்பது எம் கருத்து. கிராமத்துக்கு இறங்கி வந்தால், ஒரே சபைக்குள் அடக்கமும் எழுச்சியும் ஒரே மனிதனின் நாவிலிருந்து வருவதைக் காண்கிறோம். லவ்லெஸ் எசமானை வையவில்லை, வைக்கோலைக் கொளுத்தவில்லை, வாக்கு மீறியவனிடம் வாக்கைக் கேட்டார், அவ்வளவே.

இதே வெஸ்லியன் சமூகத்தின் போதகர் 1814இல் இலங்கைக்கு வந்தனர் என்பது யாவரும் அறிந்தது. டொல்படில் வழக்கு நடந்த காலத்திற் பீற்றர் பேர்சிவல் யாழ்ப்பாணத்தில் இருந்தார். ஏறக்குறைய அக்காலத்திலேயே, 1822இற் பிறந்த நல்லூர் ஆறுமுகம் என்னும் சிறுவர் அவர் பாடசாலையிற் சேர்ந்தார். அச்சிறுவரே பின்னர், 1847 டிசம்பர் 31இல், வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிற் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். கிழமைதோறும் கூட்டுதல், பொருள் குறித்து மேடையிற் பேசுதல், பாடசாலையும் அச்சியந்திரமும் நிறுவுதல் ஆகிய கருவிகளை அவர் கையாண்ட திறத்தை ஆராய்ந்தோர், மெதடிஸ்தரிடம் அவர் பயின்ற ஆண்டுகளையும் உடன் எண்ணுவர். கற்பித்தவர் கருதாத வழியிற் கல்வி சென்றமைக்கு டொல்படிலும் வண்ணார்பண்ணையும் ஒருங்கே சான்று. இவ்வொப்புமையை இதற்குமேல் நீட்டுதல் பொருந்தாது. ஒருவர் கேட்டது கூலி, மற்றவர் காத்தது சமயம்.

அறுவரில் ஐவர் 'சறே' என்னும் கப்பலில் அனுப்பப்பட்டு 1834 ஓகஸ்ற் மாதத்திற் சிட்னியை அடைந்தனர். நோயுற்றிருந்த ஜோர்ஜ் பின்னர் வேறொரு கப்பலில் வான் டீமன் தேசத்துக்கு, அஃதாவது இன்றைய தஸ்மேனியாவுக்கு, அனுப்பப்பட்டார். இதற்குள் ஏப்ரில் 21ஆந் திகதி இலண்டனிற் கொப்பனேகன் வெளியிற் பல்லாயிரவர் திரண்டு, இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட கையொப்பங்களுடன் விண்ணப்பம் கொண்டு சென்றனர். மெல்பேண் அதனை ஏற்கவில்லை. தோமஸ் வேக்லி முதலியோர் பாராளுமன்றத்தில் விடாது வாதாடினர். அரசனின் தம்பி கம்பலாந்துக் கோமகன் தலைமை தாங்கிய ஒறேஞ்சுக் கழகங்களும் இரகசியச் சத்தியம் வாங்குவன என்பது 1835இல் வெளிவந்தது. உழவனுக்கு ஏழாண்டென்றால் கோமகனுக்கு எத்தனை ஆண்டு என்ற கேள்விக்கு விடை சொல்லல் மந்திரிமாருக்கு இலகுவாயிருக்கவில்லை. 1836 மார்ச் 14ஆந் திகதி முழு மன்னிப்பு வழங்கப்பட்டது. எனினும் அச்செய்தி அவர்களை எட்டுவதற்கும் கப்பல் கிடைப்பதற்கும் காலம் சென்றது. ஜோர்ஜ் 1837 யூன் மாதத்திலும், நால்வர் 1838 மார்ச்சிலும், ஹமெற் 1839 ஓகஸ்றிலும் தாயகம் மீண்டனர்.

திரும்பிய ஆண்டிலேயே ஜோர்ஜ் தம் அனுபவத்தை ஒரு சிறு நூலாக வெளியிட்டார். மறு ஆண்டில் அரசாங்கத் திருச்சபைக் குரு ஒருவருக்கு விடையாக மற்றொன்றும் எழுதினார். கூலியாள் ஏன் ஊர்க் கோயிலை விட்டுச் சிற்றாலயத்துக்குச் சென்றான் என்பதை அறிய விரும்புவோர் இவற்றையே நாடுதல் வேண்டும். மேலோர் எழுதிய கடிதங்களில் அவன் சட்டத்தை மீறியவனாக மாத்திரமே தோன்றுகிறான்.

இலண்டனிலிருந்த உதவிக் குழு பணம் சேர்த்து எசெக்ஸ் மாவட்டத்தில் அவர்களுக்குப் பண்ணைகளைக் குத்தகைக்கு எடுத்துக் கொடுத்தது. அங்கும் ஊர்க் குருவின் பகைமை தொடர்ந்தது. 1840களின் நடுப்பகுதியில் ஐவரும் குடும்பத்தோடு கனடாவிலுள்ள ஒன்ராறியோவுக்குப் பெயர்ந்தனர். அங்கே தம் பழங்கதையை அவர்கள் அதிகம் பேசியதில்லை என்பர். ஜோர்ஜ் சைலோம் என்னும் இடத்து மெதடிஸ்த ஆலயம் எழுவதற்குத் துணைநின்றார். 1874இல் இறந்து அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். ஆலயத்தால் வந்த துன்பத்தின் பின்னும் அவர் மற்றோர் ஆலயம் எழவே துணைநின்றார். தலைமை மௌனித்திருந்தது என்பதற்காக அவர் தம் சபையைத் துறக்கவில்லை. சபை என்று அவர் கருதியது தலைமையை அன்று போலும்.

ஹமெற் மாத்திரம் டொல்படிலுக்குத் திரும்பிக் கட்டட வேலை செய்து வாழ்ந்தார். அன்றிரவு அவர் அந்த மேலறையில் இருந்திலர் என்றும், தம் உடன்பிறந்தானுக்காகவே சிறை புகுந்தார் என்றும் ஒரு செய்தி உண்டு. அவரோ அதுபற்றி வாய் திறந்து பேசியது சொற்பம். 1872இல் யோசப் ஆர்ச் என்பவர் விவசாயத் தொழிலாளர் தேசிய சங்கத்தை நிறுவினார். அவரும் ஊர்ப் பிரசங்கியே. வெஸ்லியரிலிருந்து பிரிந்த ஆதி மெதடிஸ்தர் என்னும் பிரிவினர். அச்சங்கத்தார் 1875இல் ஹமெற்றுக்குக் கடிகாரம் ஒன்று பரிசளித்தனர். கண் பார்வை குன்றிய முதுமையில் அவர் டோர்செஸ்ரர் ஏழைகள் விடுதிக்குச் சென்று 1891இல் அங்கே இறந்தார். உடல் டொல்படில் ஊர்க் கோயில் வளவில் அடக்கம் செய்யப்பட்டது.

மண்சுவர் ஆலயத்தின் கதி யாது? 1860களிற் சபையார் ஊரில் வேறோர் ஆலயம் கட்டிக்கொண்டனர். பழையது பண்ணைப் பொருள் வைக்கும் கொட்டிலாயிற்று. புதிய ஆலயத்தின் முன்னே 1912 மே மாதத்தில் அறுவர் நினைவாக ஒரு வளைவு எழுப்பப்பட்டது. அதனைத் திறந்துவைத்த ஆர்தர் ஹெண்டர்சன் தொழிற்கட்சித் தலைவர்களுள் ஒருவர், வெஸ்லியன் பிரசங்கியுமாவார். 1834இல் வாய்மூடியிருந்த சமூகம் எழுபத்தெட்டாண்டின் பின் கல்லிற் பேசியது. 1932இல் வெஸ்லியரும் ஆதி மெதடிஸ்தரும் பிறரும் ஒரே சபையாய் இணைந்தனர். 1934இல், நூறாண்டு நிறைவில், தொழிற்சங்கக் காங்கிரஸ் ஊரிலே ஆறு வீடுகள் கட்டிற்று. எரிக் கில் என்னும் சிற்பி செதுக்கிய நடுகல்லும் ஹமெற்றின் சமாதியில் அவ்வாண்டே நாட்டப்பட்டது. இக்காலத்தில் ஆண்டுதோறும் யூலை மாதத்தில் அங்கு விழா நடைபெறுகிறது. சங்கக் கொடிகளோடு சனங்கள் ஊர்வலம் போவர்.

வளைவைப் பார்க்கச் செல்வோர் பலர். பழைய கொட்டிலைத் தேடிச் சென்றவர் நெடுங்காலம் மிகச் சிலரே. வைக்கோலும் கருவிகளும் அடைந்து, சுவர் பிளந்து, கூரை தாழ்ந்து அது நின்றது. இருபத்தோராம் நூற்றாண்டிலேதான் அறக்கட்டளை ஒன்று அதனை வாங்கிச் செப்பனிடத் தொடங்கிற்று. ஜோர்ஜ் லவ்லெஸ் என்னும் உழவர் எழுந்து நின்று பேசிய இடம் அது.